குழி விழுந்த கோடு

12 பிப்ரவரி

ஏ புள்ள, எப்படி இருக்க? வேளைக்குச் சாப்பிடறியா, இல்ல அந்தக் கண்ணாடிக் குவளைகளுக்கு நடுவுல நின்னுக்கிட்டே முழுங்கறியா? இருமல் விட்டுச்சா? நான் நல்லா இருக்கேன்னு எழுதறதுதான் வழக்கம். எழுதிட்டேன்னு வெச்சுக்கோ.

போன்ல பேசினா நமக்கு ஒத்து வரல. நீ ‘இன்னும் கொஞ்ச நாள் மாமா’ன்னு ஆரம்பிக்கற, நான் கத்தறேன், நான் கத்தினா நீ வெச்சுடற. கடுதாசியில கத்த முடியாது பாரு. கத்தணும்னா எழுத்தைப் பெருசு பெருசா போடணும், பேனா தீந்துடும். அதனால எழுதறேன். நீ கத்துக் குடுத்த எழுத்துதான், தப்பு இருந்தா உன்னைத்தான் சொல்லணும்.

கருவாச்சி சினையா இருக்கா. இந்தத் தடவை ரொம்பத் திமிர். மடியில கை வெச்சா பின்னங்காலைத் தூக்கி கேனுக்குள்ள வெச்சுக்கிட்டு, ‘என்ன பண்ணுவ’ங்கற மாதிரி திரும்பிப் பாக்கறா. எங்க அக்கா சொல்றா, ‘உன் பொண்டாட்டி போனதுல இருந்து மாடு கூட உன்னை மதிக்க மாட்டேங்குது’ன்னு. அக்கா வாய் உனக்குத் தெரியாததா. ஆனா பாவம், காலையில நான் பால் கறக்கப் போனா அவதான் வந்து சின்னதுக்குத் தலை சீவி விடறா. பேசற பேச்சுக்கெல்லாம் அதுல கழிச்சுக்கலாம்.

எதையோ சொல்ல வந்தேன். ஆங், சின்னதுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. சிரிச்சா கதவு திறந்த வீடு மாதிரி இருக்கு. ‘அம்மா வரும்போது பல்லு முளைச்சிருக்குமா?’ன்னு கேட்டா. ‘பல்லுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது’ன்னேன். தையல்காரர் என்னைப் பாத்தா, ‘என்ன, உங்க வீட்டம்மா தண்ணிய அளந்து முடிச்சாச்சா? கடல் இன்னும் மிச்சம் இருக்காமே’ங்கறாரு. நானும் சிரிக்கறேன். எவ்வளவு நாள் சிரிக்கறது?

மேல படிக்கணும்னு நீ சொன்னப்ப ஊரே வேண்டாம்னுச்சு, நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். அதைச் சொல்லிக் காட்டல. சரி, சொல்லிக் காட்டறேன்தான்.

உன் கை வெடிப்புக்கு மாசா மாசம் அனுப்பற மாட்டு மடிக் களிம்பு டப்பா இந்தத் தடவை அனுப்பல. மறந்துட்டேன்னு நினைக்காத. கோவத்துலதான் அனுப்பல.


24 பிப்ரவரி

மாமா,

இருமல் இல்ல. சாப்பாடு நின்னுக்கிட்டுதான்.

உங்க கடுதாசிய மூணாம் தடவை படிக்கும்போதுதான் சிரிப்பு வந்துச்சு. முதல் ரெண்டு தடவை வேற வந்துச்சு.

டப்பா தீந்து போச்சு. கேக்கல, சும்மா சொல்றேன். கோவம் தீர்ற வரைக்கும் அனுப்ப வேண்டாம். கை வெடிப்பு பழகிடும். உங்க மாட்டுக்கே பழகறப்ப எனக்கென்ன.

தண்ணிய அளக்கறேன் தண்ணிய அளக்கறேன்னு சொல்லி இவ என்னதான் பண்றான்னு உங்களுக்கே இருக்கும். ஒரு தடவை ஒழுங்கா சொல்றேன், தையல்காரருக்கும் சொல்லுங்க. தண்ணிக்கு மேல தோல் போட்ட மாதிரி ஒரு இழுப்பு இருக்கு. அதனாலதான் கோஸ் இலையில தண்ணி பட்டா பரவாம முத்து மாதிரி உருண்டு ஓடுது. நீங்க மருந்து அடிச்சாலும் அப்படித்தான் ஓடி மண்ணுல விழுது. நாங்க ஒரு பொடி வெச்சிருக்கோம். அதைத் தண்ணியில கரைச்சா அந்த இழுப்பு குறையும், தண்ணி இலையோட ஒட்டிக்கும். எவ்வளவு கரைச்சா எவ்வளவு குறையுதுன்னு அளக்கறதுதான் என் வேலை.

அளக்கறதுக்கு ஒரு வளையம் இருக்கு. பிளாட்டினக் கம்பி, மூக்குத்தி கம்பி மாதிரி மெல்லிசு. அதை நெருப்புல செவக்கச் சுட்டு, ஆற வெச்சு, தண்ணிக்குள்ள அமுக்கி மெதுவா மேல தூக்கணும். தண்ணி விடாது. வளையத்தைப் பிடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் கூட வரும். அப்புறம் பிச்சுக்கும். எந்த இழுப்புல பிச்சுக்குதுன்னு மிஷின் காட்டும். அதை எழுதிக்கிட்டு, மறுபடி சுட்டு, மறுபடி அமுக்கி. இதான் மாமா, இத்தனை வருஷமா.

அளந்ததைப் புள்ளி வெச்சுக் கோடா போட்டா, பொடி கூடக் கூட கோடு கீழ இறங்கும். ஒரு இடத்துக்கு அப்புறம் எவ்வளவு போட்டாலும் இறங்காது, தரை மாதிரி சமமா போகும். ஆனா என்னுது சமமாகறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் குழியில விழுந்து, ஏறி, அப்புறம்தான் சமமாகுது. குழி வந்தா எங்கேயோ அழுக்கு சேந்திருக்குன்னு அர்த்தம். பொடிதான் அழுக்குன்னு எனக்கு ஆராய்ச்சி சொல்லித் தர்ற மேடம் சொன்னாங்க. சுத்தம் பண்ணினேன். மறுபடி சுத்தம் பண்ணினேன். போன வருஷம் பூரா அதுதான். பொடி கரைஞ்சு கரைஞ்சு கைப்பிடியாச்சு, குழி மட்டும் போகல. கடைசியில மேடமே, ‘இது அழுக்கு இல்ல, இந்தப் பொடியோட குணமே இதுதான். யாரும் பாக்காததை நீ பாத்திருக்க’ன்னு சொல்லிட்டாங்க. அதைத்தான் கட்டுரையா எழுதி அனுப்பியிருக்கோம். பட்டமும் அதுக்குத்தான்.

இப்ப நல்ல சேதி. கடைசிப் பரீட்சை மே மாசம் வெச்சாச்சு. பெரியவங்க நாலு பேர் உக்காந்து வாயால கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான். முடிஞ்சதும் வந்துடறேன். இந்தத் தடவை ‘இன்னும் கொஞ்ச நாள்’ இல்ல.

பல்லு முளைக்கறதுக்குள்ள வந்துடுவேன்னு சின்னதுகிட்ட சொல்லுங்க. ரெண்டு கதவும் திறந்திருக்கறப்பவே பாக்கணும்.


5 மார்ச்

என் ராசாத்தி, நல்லா இருக்கியா? இன்னிக்கு நான் நெசமாவே நல்லா இருக்கேன்.

உன் கடுதாசிய வாங்கி முதல்ல கடைசிப் பக்கத்தைத்தான் படிச்சேன். அப்புறம் போய் அந்த வளையக் கதை. தையல்காரருக்குச் சொன்னேன். வாயில ஊசியை வெச்சுக்கிட்டே கேட்டாரு. ‘அப்ப தண்ணிக்கும் தோல் இருக்கா? அதையும் தைக்கலாமா?’ன்னாரு. ‘உன் தையலுக்குப் பிரியாத துணியே இல்ல, தண்ணி தாங்குமா’ன்னேன். ரெண்டு நாளா என்கிட்ட பேசல.

முன் ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. உன் புஸ்தகம் வெக்கறதுக்கு ஒரு பலகை செவுத்துல அடிச்சிருக்கேன். கொஞ்சம் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. அக்கா வந்து பாத்துட்டு, ‘புஸ்தகம் எல்லாம் ஒரு ஓரமா வந்து கூடிப் பேசும்போல’ன்னா. மே மாசம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பால் எடுக்கற வண்டிக்காரன்கிட்ட, மருந்துக்கடைக்காரர்கிட்ட, பேச்சு வாக்குல கருவாச்சிகிட்டயும் சொன்னேன். அவளுக்கும் மே மாசம்தான். யார் முந்தறீங்கன்னு பாப்போம்.

சின்னது வாயையே மூட மாட்டேங்கறா. மூடினா பல்லு முளைச்சுடுமாம். தூங்கறப்பவும் திறந்துதான் வெச்சிருக்கா.

களிம்பு அனுப்பியிருக்கேன். சின்ன டப்பா இல்ல, மாட்டு டாக்டர் வெச்சிருக்கற பெரிய டப்பாவே கேட்டு வாங்கினேன். அவரு, ‘எத்தனை மாடு?’ன்னாரு. ‘ஒண்ணுதான், ஆனா ரொம்பப் படிச்சது’ன்னேன். கோவிச்சுக்காத. நல்லா அழுத்தித் தடவு. கோவத்துல ஒரு மாசம் உன் கையை வெடிக்க விட்டுட்டேனேன்னு எனக்குச் சோறே இறங்கல. சோறு இறங்கிச்சு, ருசியா இல்ல.


21 மார்ச்

மாமா,

இதை எழுத ஆரம்பிச்சு கிழிச்சு, ஆரம்பிச்சு கிழிச்சு வெச்சிருக்கேன். நேரா சொல்லிடறேன்.

பரீட்சைக்கு முன்னாடி ஒரு தடவை சரி பாத்துடலாம்னு போன மாசக் கடைசியில மறுபடி அளந்தேன். குழி இல்ல. கோடு இறங்கிச்சு, சமமா போச்சு, அவ்வளவுதான். புதுக் குவளை போட்டு அளந்தேன். பழைய பொடி, புதுப் பொடி ரெண்டுலயும் அளந்தேன். எதுலயும் குழி இல்ல. என்ன மாத்தினேன் என்ன மாத்தினேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். எதையும் மாத்தல.

அப்பதான் உங்க டப்பா வந்துச்சு. மூடியைத் திறந்தேன், வாசனை வந்துச்சு, அப்படியே உக்காந்துட்டேன்.

காலையில வந்ததும் முதல்ல சுத்தத் தண்ணிய அளப்பேன். அது சரியா வந்தாத்தான் மிச்ச வேலை. எப்பவும் சரியாத்தான் வரும். அப்புறம் குவளை எல்லாத்தையும் ஆசிட்ல கழுவுவேன். கையுறை போட்டாலும் உள்ள இறங்கி கை எரியும். அதுக்கப்புறம்தான் களிம்பு தடவுவேன். தடவின கையாலதான் புது உறையை எடுத்து மாட்டுவேன், குவளை மூடியைத் திறப்பேன், கரைசலை ஊத்துவேன். தண்ணிய மட்டும் களிம்புக்கு முன்னாடி, மத்ததெல்லாம் களிம்புக்குப் பின்னாடி. அதனாலதான் இத்தனை நாள் இது பிடிபடல. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி எண்ணெய்ப் பசை போதும் மாமா, தண்ணி மேல ஓடிப் போய் உக்காந்துக்கும்.

வேணும்னே பெரிய டப்பாவுல இருந்து எடுத்துத் தடவிக்கிட்டு அளந்தேன். குழி வந்துச்சு. கழுவிட்டு, தடவாம அளந்தேன். போயிடுச்சு. ரெண்டு தடவை பாத்தேன். மூணாவது தடவை பாக்கத் தெம்பில்ல.

பொடியோட குணம் இல்ல. உங்க கருவாச்சியோட மருந்து. நீங்க கோவத்துல அனுப்பாம விட்ட அந்த மாசம்தான் என் கோடு ஒழுங்கா வந்திருக்கு.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாம இருந்தா மே மாசம் பட்டம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். சொன்னா ஒரு வருஷத்து அளவு மொத்தமும் குப்பை, எல்லாத்தையும் முதல்ல இருந்து அளக்கணும், அடுத்த வருஷம்தான். மேடம் பேரும் அதுல இருக்கு. தெனமும் சொல்லணும்னு கிளம்பி அவங்க ரூம் வாசல் வரைக்கும் போறேன். அவங்க, ‘என்னம்மா?’ங்கறாங்க. ‘ஒண்ணும் இல்ல மேடம்’னு திரும்பிடறேன்.

உங்க மேல தப்பு இல்ல. முதல்லயே சொல்லியிருக்கணும் இதை.

என்ன பண்ணட்டும்?


30 மார்ச்

என்னம்மா, எப்படி இருக்க? தூங்கறியா?

உன் கடுதாசிய அக்காகிட்ட குடுத்து ஒரு தடவை படிக்கச் சொன்னேன், நான்தான் தப்பா படிச்சுட்டேனோன்னு. அவ படிச்சுட்டு, ‘களிம்பு தடவினது ஒரு குத்தமா? மாடே ஒண்ணும் சொல்லல’ன்னா. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு பேசாம எழுந்து போயிட்டா. அக்கா பேசாம போனதை நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்ல.

என்ன பண்ணட்டும்னு கேட்டியே, சொல்றேன். பொத்திக்கிட்டு வந்துடு. ஒரு சின்னக் குழி. ரோட்டுல எவ்வளவு குழி இருக்கு, அதை எல்லாம் எவனாவது போய்ச் சொல்றானா? அந்தப் பொடியைப் போட்டா மருந்து இலையில ஒட்டுதில்ல? அப்புறம் என்ன? நீ வாயைத் திறக்கலன்னா யாருக்குத் தெரியும்? சந்தையில பாரு, முன்ன ஒரு தடவை நான் செவலை மாட்டை வாங்கினேனே. அந்த வியாபாரி முதல் நாள் கறக்காமலே விட்டு, மடியைக் குடம் மாதிரி வீங்க வெச்சு நிறுத்தியிருந்தான். எவனாவது கண்டுபிடிச்சானா? நானே இருபது மாடு பாத்தவன், எனக்கே தெரியல. பல்லைப் பாத்தேன், வாலைப் பாத்தேன், சுழி பாத்தேன், மடியைப் பாத்து மயங்கிட்டேன். கயித்தைப் பிடிச்சு ஊர்வலம் மாதிரி கூட்டியாந்தேன். மறுநாள் கறந்தா அரைக் கேனு கூட இல்ல. அந்த மாடு வலியில கத்தின கத்து இருக்கே, பால் கட்டி நின்னு போய் மடி கல்லு மாதிரி. ஒத்தடம் குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு. அந்த வியாபாரியை இன்னிக்குப் பாத்தாலும் நான் அந்தப் பக்கம்...

இந்தக் கதையை எதுக்கு ஆரம்பிச்சேன்னு தெரியல. விட்டுடு.

எனக்கு ஒண்ணுதான். நீ வரணும். வீட்டுக்குள்ள போனா சுண்ணாம்பு வாசனை அடிக்குது. பலகை சாஞ்சுக்கிட்டு இருக்கு. நான் தடவச் சொன்னது, நான் அனுப்பினது. என்னால உன் வருஷம் போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட சின்னதுக்கு முன்னாடி நிக்கறது?

வந்துடு. வேற எதுவும் எழுதத் தோணல.


11 ஏப்ரல்

மாமா,

சொல்லிட்டேன்.

உங்க கடுதாசி வந்த அன்னிக்கே. நீங்க சொல்ல வேண்டாம்னதை மீறணும்னு இல்ல. அந்த செவலைக் கதையைப் பாதியில விட்டுட்டீங்களே, அதைப் படிச்சுட்டு அப்படியே எழுந்து போயிட்டேன். நின்னா மறுபடி ‘ஒண்ணும் இல்ல மேடம்’னு வந்துடும்.

மேடம் கத்தல. கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சாங்க. ‘என்ன தடவின?’ன்னு கேட்டாங்க. சொன்னேன். ‘மாட்டுக்குப் போடறதா?’ன்னாங்க. ஆமான்னேன். சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் நிறுத்திட்டோம். ‘நானும் கேக்கலையே. பொடியைத்தானே சந்தேகப்பட்டேன், கையைப் பாக்கலையே’ன்னு சொல்லி ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வயசான மாதிரி இருந்துச்சு. அனுப்பின கட்டுரையைத் திருப்பி வாங்கறதுக்கு அவங்களே எழுதிட்டாங்க. மே பரீட்சை இல்ல. எல்லாம் முதல்ல இருந்து.

மிஷினை வேற பசங்களுக்குக் குடுத்தாச்சு. அவங்க வேலை முடிஞ்ச மிச்ச நேரம்தான் எனக்கு. குவளை கழுவவே பாதி நாள் போயிடும். அடுத்த ஏப்ரலுக்குள்ள முடியலாம். முடியலாம்னுதான் சொல்றேன்.

நீங்க கத்துங்க. பெருசா எழுதுங்க. பேனா தீந்தா வேற வாங்கிக்கங்க.

இன்னிக்கு அளக்க ஆரம்பிச்சேன். உறைக்குள்ள களிம்பு தடவாத கை. எரியுது. கோடு ஒழுங்கா வருது. பாக்க நல்லாத்தான் இருக்கு மாமா. அதைச் சொல்ல இங்க யாரும் இல்ல, அதான் உங்ககிட்ட சொன்னேன்.


3 மே

ஏ புள்ள, நல்லா இருக்கியா? கை எப்படி இருக்கு?

உடனே பதில் எழுதலன்னு நினைச்சிருப்ப. எழுதினேன். பெருசாத்தான் எழுதினேன். அதை அடுப்புல போட்டுட்டேன். அதுல இருந்தது உனக்கு வேண்டாம்.

கருவாச்சி முந்திட்டா. கன்னு போட்டாச்சு, கிடேரி, பொண்ணுதான். பொறந்ததும் எழுந்து நின்னு, விழுந்து, எழுந்து, நேரா சின்னதுகிட்ட போய் அவ பாவாடையைச் சப்ப ஆரம்பிச்சுடுச்சு. அம்மா அந்தப் பக்கம் நிக்கறா, இது இவகிட்ட போகுது. சின்னது பயந்துபோய், ‘நான் உன் அம்மா இல்ல, நான் உன் அம்மா இல்ல’ன்னு கத்திக்கிட்டே தொழுவத்தைச் சுத்தி ஓடறா. அக்கா சிரிச்சு சிரிச்சு சாணியில உக்காந்துட்டா. இப்ப அதுவும் பழகிடுச்சு, யாருகிட்ட பால் இருக்குன்னு.

சின்னதுகிட்ட நான்தான் சொன்னேன். தள்ளிப் போட்டு தள்ளிப் போட்டு, நேத்து தலை துவட்டி விடும்போது சொன்னேன். ‘அம்மா அளந்தது தப்பாயிடுச்சு, மறுபடி முதல்ல இருந்து அளக்கணும், அதனால இந்த மாசம் வரமாட்டா.’

அழுவான்னு நினைச்சேன். அழல. ‘யாரு தப்பு?’ன்னா.

‘என் தப்பு’ன்னேன்.

‘அப்ப நீ போய் அளக்க வேண்டியதுதானே’ன்னா. சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டா. இத்தனை நாள் திறந்தே வெச்சிருந்தவ.

நான் துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். பக்கத்துல அக்கா. ‘கேட்டதுல என்ன தப்பு?’ங்கறா. ‘மாட்டை யாரு பாக்கறது?’ன்னேன். ‘நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து நான் பால் கறக்கறேன். கருவாச்சிக்கு உன்னைவிட என்னைத்தான் பிடிக்கும். போடா’ன்னா. டாங்கற வயசா எனக்கு? ஆனா போடாங்கற வார்த்தை நேத்துதான் காதுக்கு இதமா இருந்துச்சு.

எனக்கு அளக்கத் தெரியாது. அந்த வளையத்தை நீட்டினா நான் வளைச்சே குடுத்துடுவேன். ஆனா கழுவறது என் தொழில். பால் கேனுல ஒரு சொட்டுப் பசை நின்னா மறுநாள் மொத்தப் பாலும் திரிஞ்சிடும், அந்தப் பயத்துலயே கழுவிக் கழுவித் தேஞ்ச கை இது. ஆசிடும் ஒண்ணும் பண்ணாது. உங்க மேடத்துகிட்ட கேளு, வெளியாள் கழுவலாமான்னு. கூடாதுன்னா வாசல்ல உக்காந்துக்கறேன், அதுக்கும் கூடாதுன்னா சொல்ல வேண்டாம், அங்க வந்தே பாத்துக்கறேன். ஒரு வாரம்தான். அதுக்கு மேல அக்கா வாய் தாங்கும், மாடு தாங்காது. அப்புறம் பள்ளிக்கூட லீவு விடறப்பெல்லாம் சின்னதைக் கொண்டு வந்து விட்டுட்டுப் போறேன். ஒரு வருஷத்தைத் துண்டு துண்டா வெட்டினா முழுங்கிடலாம்னு தோணுது. இல்லன்னாலும் வேற வழியில்ல.

சொன்னது நல்லதுதான். இதைச் சொல்லவே மூணு வாரம் ஆச்சு எனக்கு. இன்னும் கோவம் போகல, அதையும் சேத்துக்கோ.

சின்னதுக்குப் பல்லு ஒண்ணு லேசா வெள்ளையா எட்டிப் பாக்குது. இன்னொண்ணு இன்னும் காணோம். அதுக்குள்ள உன்கிட்ட வந்தாகணும்னு அவ துணியெல்லாம் இப்பவே எடுத்து மூட்டை கட்டிட்டா, என் சட்டை ஒண்ணையும் அதுல அமுக்கியிருக்கா. டிக்கெட்டும் எடுத்தாச்சு. வழியில ஒரு பஸ் மாறணும், உன் ஊர் ஸ்டாண்டுல இறங்கினா எந்தப் பக்கம் வரணும்னு மருந்துக்கடைக்காரர் படம் போட்டே குடுத்திருக்காரு, அது ஒரு தனிக் கதை, அவரு போட்ட படத்துல உங்க காலேஜு ஆத்துக்குள்ள இருக்கு. கேட்டா ‘பெருக்கல் குறி போட்ட இடம்தான், நீந்திப் போ’ங்கறாரு. நீ வந்து ஸ்டாண்டுல நின்னுடு, அதான் நல்லது. நாங்க வர்றது எந்தக் கிழமைன்னா, இரு, வண்டிக்காரன் ஆரன் அடிக்கறான், அக்கா வேற கேனைத் தூக்குன்னு கத்தறா, கடுதாசியையும் அவன்கிட்டயே குடுத்து விட்டுடணும், இன்னிக்கு விட்டா அப்புறம் ரெண்டு நாள் வர மாட்டான், கிழமை வந்து